ஒரு பகல், ஒரே சாலை: கிறிஸ்துமஸ் வாரத்தில் பூண்டி

அரையாண்டுத் தேர்வு முடிகிற அன்றைக்கே தென் மாவட்டங்களில் வேன் கிடைப்பது குதிரைக்கொம்பாகிவிடும். டிசம்பர் கடைசியில் தொடங்கிப் புத்தாண்டு வரை நீளும் அந்தப் பள்ளி விடுமுறையில் பாதிக் குடும்பங்கள் கொடைக்கானலுக்குத்தான் கிளம்புகின்றனவோ என்று தோன்றும். வத்தலக்குண்டு தாண்டியதும் வண்டிகள் வரிசை கட்டும். காட்ரோடு பிரிவு வரைக்கும் அதே சாலையில் மாலை போட்டுச் சபரிமலைக்குப் போகிறவர்களின் வண்டிகளும் சேர்ந்துகொள்ளும். மலையேறிச் சேர்ந்தால் ஏரியைச் சுற்றி ஒரு நெரிசல், தூண் பாறையில் ஒரு நெரிசல், குணா குகையில் ஒரு நெரிசல். அந்தக் குகைக்குப் பெயர் தந்த ‘குணா’ 1991-ல் வந்த படம். 2024-ல் ‘மஞ்சும்மல் பாய்ஸ்’ வந்த பிறகு அந்தக் குகைக்குக் கூட்டம் இன்னொரு பங்கு கூடிவிட்டது.

இத்தனைக்கும் வந்தவர்களின் கையில் உண்மையில் இருப்பது ஒரு பகல்தான்.  சொகுசுக் கப்பலில் சுற்றுலா போகிறவருக்கு ஓர் ஊர் என்பது சில மணி நேரம். காலையில் இறங்கலாம், மாலைக்குள் ஏறிவிட வேண்டும், கப்பல் காத்திருக்காது. கொடைக்கானலுக்கு வேன் பிடித்து வருகிறவரின் கணக்கும் அதுவே. முதல் நாள் மலையேறுவதில் போகிறது, மூன்றாம் நாள் இறங்குவதில் போகிறது. நடுவில் இருக்கும் பகலில் ‘பன்னிரண்டு இடம்’ காட்டித்தருவதாக டிரைவர் அட்டை ஒன்றை நீட்டுகிறார். அந்தப் பன்னிரண்டில் பாதி, சாலையோரம் வண்டியை நிறுத்திப் பள்ளத்தாக்கைப் பார்க்கும் இடங்கள். மூடுபனி இறங்கிவிட்டால் அதுவும் இல்லை.

இந்த அத்தியாயம் வேறு யோசனை சொல்கிறது. அந்த ஒரு பகலை ஒரே ஒரு சாலைக்குக் கொடுத்துவிடலாம். பூம்பாறை, மன்னவனூர், கவுஞ்சி என்று மேற்கே போய்ப் பூண்டியைத் தொட்டுக் கிளாவரையில் முடிகிற சாலை அது. கொடைக்கானல்காரர்கள் இந்தப் பக்கத்தை மேல்மலை என்பார்கள். தாண்டிக்குடி, பண்ணைக்காடு, பாச்சலூர் பக்கம் கீழ்மலை. கீழ்மலைக்குக் காபியும் மிளகும் மலைவாழையும். மேல்மலைக்குப் பூண்டும் உருளையும் கேரட்டும்.

எந்த நாளில் போவது

கிறிஸ்துமஸ் வாரம் என்றாலும் 25-ஆம் தேதியைத் தவிர்ப்பது நல்லது. 24 அல்லது 26 சரியான நாள். 25 அன்று கீழேயிருந்து காலையில் வந்து மாலையில் திரும்பும் கூட்டமும் சேர்ந்துகொள்வதால் டவுனையும் ஏரிச் சாலையையும் தாண்டுவதற்கே பொழுது போய்விடும். இன்னொரு காரணமும் உண்டு. கொடைக்கானலில் வண்டி ஓட்டுகிறவர்களிலும் விடுதிகளில் வேலை செய்கிறவர்களிலும் கிறிஸ்தவக் குடும்பத்தினர் பலர். அன்றைக்கு அவர்களுக்கும் வீட்டில் சமையல் இருக்கும், விருந்தாளிகள் இருப்பார்கள். பண்டிகையன்று ஒருவரை நாள் முழுக்க ஸ்டியரிங் முன்னால் உட்கார வைப்பதைவிட முதல் நாளே அழைத்துப் போகச் சொல்வது முறை.

கொடைக்கானல் டிசம்பருக்காக உருவானதே இல்லை. 1821-ல் லெப்டினன்ட் பி.எஸ். வார்டு நில அளவைக்காக வெள்ளகவி வழியாக இந்த மலையேறினார். 1845-ல் மதுரையில் இருந்த அமெரிக்க மிஷனரிகள் கோடை வெயிலுக்கும் காய்ச்சலுக்கும் தப்பி இங்கே முதல் இரண்டு வீடுகளைக் கட்டினார்கள். ஏரி 1863-ல் வந்தது. மதுரை கலெக்டராக இருந்த வெரே லெவிஞ்ச் அணைகட்டித் தண்ணீரைத் தேக்கினார். எல்லாம் ஏப்ரல், மே மாதங்களை மனத்தில் வைத்துச் செய்தவை. ‘சீசன்’ என்றால் இன்றைக்கும் இங்கே மே மாதம்தான். மலர்க் கண்காட்சியும் அப்போதுதான். கிறிஸ்துமஸ் கூட்டம் பிற்பாடு பள்ளி விடுமுறையும் சொந்த வண்டியும் சேர்ந்து உண்டாக்கியது. பனிக்கும் ஸ்வெட்டருக்கும் நட்சத்திர விளக்குக்கும் டிசம்பரில் வர வேண்டும் என்று சமவெளிக்காரர்கள் தீர்மானித்துவிட்டார்கள். அந்தத் தீர்மானத்தில் தவறில்லை, குளிரைப் பற்றிய அரைகுறை எண்ணம்தான் சிக்கல்.

டவுனில் இந்த மாதத்து இரவுகளில் வெப்பநிலை 10 டிகிரிக்குக் கீழே போவது சாதாரணம். மேல்மலையின் திறந்த பள்ளங்களில் இன்னும் கீழே இறங்கும். வானம் தெளிவாக, காற்றே இல்லாமல் இருக்கிற இரவில் தரை தன் சூட்டை விரைவாக இழக்கிறது. குளிர்ந்த காற்று கனமானது, சரிவில் வழிந்து பள்ளத்தில் தேங்குகிறது. விடியற்காலையில் அங்கே புல்லின் மேல் உப்புத் தூவியதுபோல வெண்மையாகக் கிடப்பதே உறைபனி. மேகம் மூடிய இரவில் அது விழாது. ஆகவே முதல் நாள் இரவு நட்சத்திரம் தெரிந்தால் மறுநாள் அதிகாலையிலேயே கிளம்ப வேண்டும். எட்டரை, ஒன்பது மணி வெயிலில் எல்லாம் கரைந்து ஈரப் புல்லாகிவிடும்.

வடகிழக்குப் பருவமழை சில ஆண்டுகளில் கிறிஸ்துமஸ் வரை ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதையும் கணக்கில் வைத்துக்கொள்ள வேண்டும். 2018 நவம்பரில் கஜா புயல் இந்த மலையைக் கடந்தபோது மரங்கள் சாய்ந்து மலைச்சாலைகள் அடைபட்டன. வானிலை எச்சரிக்கை இருக்கிற நாளில் மேல்மலைப் பக்கம் போகவே வேண்டாம்.

கடைசி ஊருக்கு முதலில்

கொடைக்கானலிலிருந்து பூம்பாறை சுமார் 20 கிலோமீட்டர், மன்னவனூர் சுமார் 35, பூண்டி 40-ஐத் தாண்டும். சமவெளிக் கணக்கில் ஒரு மணி நேரம்கூட ஆகாத தூரம். இங்கே வளைவுக்கு வளைவு எதிர் வண்டிக்கு ஒதுங்கிப் பூண்டி சேர ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஒதுக்க வேண்டும். திரும்பவும் இரண்டு. டிசம்பர் கடைசியில் இங்கே சூரியன் ஆறரைக்கு உதித்து மாலை ஆறு மணிக்கெல்லாம் மறைகிறது. மூடுபனி மூன்று மணிக்கே இறங்குவதும் உண்டு. மாலை ஐந்துக்குள் டவுனில் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டு பின்னோக்கி எண்ணினால் காலை ஆறரைக்குக் கிளம்பியாக வேண்டும் என்று விடை வரும்.

எல்லாரும் செய்வது என்னவென்றால், ஒன்பது மணிக்கு இட்லி சாப்பிட்டுக் கிளம்பி, முதலில் வரும் பூம்பாறைக் காட்சிமுனையில் ஒரு மணி நேரம் நின்று, மத்தியானம் மன்னவனூர் ஏரியில் கூட்டத்தோடு கூட்டமாகப் பரிசலுக்குக் காத்திருந்து, அங்கேயே திரும்பிவிடுவது. பூண்டி வரை போக வேண்டும் என்று சொன்னால் டிரைவர்கள் சிலர் தயங்குவார்கள்.

“அங்கிட்டு என்னண்ணே இருக்கு? வெறும் தோட்டந்தான். மன்னவனூர்லயே திருப்பிருவோம், எல்லாரும் அப்படித்தான் போவாக.”

அந்தத் தோட்டத்தைப் பார்க்கத்தான் போகிறோம் என்று சொல்லி, வாடகையை முன்னதாகவே பூண்டி வரைக்கும் பேசிவிட வேண்டும். வழியில் பேசினால் வாக்குவாதம்தான் வரும். போகும்போது பூம்பாறையிலும் மன்னவனூரிலும் நிற்காமல் நேரே பூண்டிக்குப் போய்விட்டு, திரும்பும்போது அவற்றைப் பார்க்கலாம். டவுனிலிருந்து வேன்கள் பூம்பாறைக்கு வந்து சேருகிற பத்து மணிக்கு நீங்கள் பூண்டித் தெருவில் டீ குடித்துக்கொண்டிருப்பீர்கள். 

பேருந்திலும் போகலாம். மன்னவனூர், பூண்டி, கிளாவரைக்குக் கொடைக்கானல் பேருந்து நிலையத்திலிருந்து அரசுப் பேருந்துகள் உண்டு, ஆனால் எண்ணிக்கை குறைவு. பேருந்தில் போகிறவர் வழியில் இறங்கி ஏறிப் பார்க்கும் ஆசையை விட்டுவிட்டு ஒரே ஊரைத் தேர்ந்துகொள்வது புத்திசாலித்தனம். அதே வண்டியில்தான் பள்ளிக்கூட வாத்தியாரும், டவுனில் சாமான் வாங்கிய பாட்டியும், உர மூட்டையும், பூண்டு மூட்டையும் வரும். மேல்மலையைப் பற்றி எந்த வழிகாட்டி சொல்வதைவிடவும் அதிகமான விஷயம் ஜன்னலோர இருக்கையில் காதில் விழும்.

பெயர்க் குழப்பத்தில் மாட்டிக்கொள்ளாமல் இருப்பதும் முக்கியம். செல்போன் வரைபடத்தில் பூண்டி என்று தட்டினால் திருவள்ளூர் மாவட்டத்து நீர்த்தேக்கம் வரும், கோவைப் பக்கம் வெள்ளியங்கிரி அடிவாரம் வரும். கிறிஸ்துமஸ் சமயத்தில் ‘பூண்டிக்குப் போகிறோம்’ என்றால் கேட்கிறவர் நினைப்பது பெரும்பாலும் திருக்காட்டுப்பள்ளி அருகேயுள்ள பூண்டி மாதா பேராலயத்தை, 1999-ல் பசிலிக்காவாக உயர்த்தப்பட்ட அந்தத் தலத்தை. அதேபோலக் கவுஞ்சி வேறு, வடகவுஞ்சி வேறு. வடகவுஞ்சி பெருமாள்மலையிலிருந்து பழநிக்கு இறங்கும் பக்கத்தில் இருக்கிறது. நேர் எதிர்த் திசை. சிக்னல் பல இடங்களில் கிடைக்காத சாலை என்பதால் வரைபடத்தை டவுனிலேயே இறக்கி வைத்துக்கொள்வதும், பெட்ரோலை அங்கேயே நிரப்பிக்கொள்வதும் நல்லது.

பூண்டியில்

டவுனை விட்டதும் முதலில் யூகலிப்டஸும் பைனும் வாட்டிலும்தான் கண்ணில் படும். இவை எதுவும் இந்த மலையின் சொந்த மரங்கள் இல்லை, தோட்டமாக வைத்தவை. வாட்டில் தோட்டத்தோடு நிற்கவில்லை. புல்வெளிகளுக்குள் தானாகப் பரவி அவற்றை மூடிக்கொண்டிருக்கிறது. மலையின் சொந்த முகம் சோலையும் புல்லும். திறந்த வெளியில் விழும் உறைபனி சோலை மரக் கன்றுகளைக் கருக்கிவிடும், புல் தப்பிவிடும். உயர்மலைகளில் சோலையும் புல்வெளியும் தனித்தனி எல்லையோடு நிற்பதற்கு ஆய்வாளர்கள் சொல்லும் காரணங்களில் இதுவும் ஒன்று. புல்வெளிச் சரிவுகளில் குறிஞ்சி கடைசியாகப் பூத்தது 2018-ல், அடுத்தது 2030.

அதையெல்லாம் கடந்தபின் மலைச்சரிவு முழுக்கப் படிப்படியாக வெட்டிய வயல்கள் தொடங்குகின்றன. பூண்டி கொடைக்கானல் ஒன்றியத்தைச் சேர்ந்த ஓர் ஊராட்சி. நுழைவுச்சீட்டு வாங்கிப் பார்க்கும் இடம் எதுவும் இங்கே இல்லை. தெரு, டீக்கடை, கோயில், பள்ளிக்கூடம், சுற்றிலும் படிவயல். டிரைவர் சொன்னது சரிதான், வெறும் தோட்டந்தான். ஆனால் சமவெளி வீடுகளின் ரசத்துக்குப் போகிற பூண்டு எப்படி விளைகிறது என்று பிள்ளைகளுக்குக் காட்ட இதைவிட நல்ல இடம் கிடைக்காது.

கொடைக்கானல் மலைப்பூண்டுக்கு 2019-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. பழநி பஞ்சாமிர்தத்துக்குக் கிடைத்ததும் அதே ஆண்டு. பூண்டுக்கான விண்ணப்பத்தின் பின்னால் இருந்தது கொடைக்கானலில் உள்ள அன்னை தெரசா மகளிர் பல்கலைக்கழகம். ஆண்டுக்கு இரண்டு போகம் வைக்கிறார்கள், மே வாக்கில் ஒன்று, நவம்பர் வாக்கில் ஒன்று. கிறிஸ்துமஸ் சமயத்தில் போகிறவர் வயலில் காண்பது நவம்பரில் ஊன்றிய பூண்டின் இளம் தாள்களை. காலை வெயிலில் அந்தப் படிவயல்களின் பச்சை கண்ணைப் பறிக்கும், கேமராவில் பாதிதான் வரும்.

அப்படியானால் அந்த நேரத்தில் கடையில் விற்பது? முந்தைய போகத்தில் எடுத்துத் தாளோடு கட்டி உலர்த்தி வைத்தது. அதில் குறை ஒன்றும் இல்லை. நன்றாக உலர்ந்த மலைப்பூண்டு மாதக்கணக்கில் கெடாது, அதுதான் அதன் பெருமையே. அடுப்புப் புகை படும்படி கட்டித் தொங்கவிட்டுப் பாதுகாக்கும் வழக்கமும் இந்த மலைகளில் உண்டு. வாங்கும்போது கவனிக்க வேண்டியவை சில. பூண்டு கையில் கனக்க வேண்டும், பல் அமுங்கக் கூடாது, தாள் பட்டென்று ஒடிய வேண்டும். ஒரு பல்லை உரித்துக் கசக்கினால் காரநெடி கண்ணுக்கே ஏற வேண்டும். உரிக்கச் சுலபமான பெரிய பல் பூண்டு வேண்டும் என்று தேடுகிறவர்களிடம்தான் வடநாட்டுப் பூண்டு மலைப்பூண்டு என்ற பெயரில் விலைபோகிறது.

மேல்மலைப் பூண்டுக்குப் பெரிய சந்தை இங்கே இல்லை, கீழே பெரியகுளம் அருகே வடுகபட்டியில் இருக்கிறது. வண்டி வாடகை, கமிஷன், எடைக் கழிவு எல்லாம் போய்த்தான் விவசாயி கைக்குப் பணம் வரும். பூண்டியில் ஒரு வீட்டு வாசலில் இரண்டு கிலோ வாங்கினால் அந்தக் கழிவெல்லாம் இல்லை. ஏரிக்கரைக் கடையில் பேரம் பேசுகிறவர் பேசட்டும், இங்கே விலையை அடித்துப் பேசுவது அழகில்லை. கேரட்டும் உருளையும் பீன்ஸும் இருக்கும் நாளில் அவையும் கிடைக்கும். பழம் என்று ஆசைப்பட்டுப் போக வேண்டாம். பிளம்ஸ் கோடையில் வருவது, பேரிக்காய் அதற்குப் பிறகு வருவது. டிசம்பர் இந்த மலையில் பழ மாதம் இல்லை.

மேல்மலை ஊர்களின் பழைய குடியானவர்கள் குன்னுவர். பல நூற்றாண்டுகளுக்கு முன் கொங்குச் சமவெளியிலிருந்து ஏறி வந்தவர்கள் என்பது அவர்களைப் பற்றிப் பழைய மதுரை மாவட்ட நூல்களில் பதிவாகியிருக்கும் வழக்கு. அவர்களுக்கும் முன்னால் இந்தக் காடுகளில் பளியர் இருந்தார்கள். கலெக்டர் கட்டிய ஏரியும் மிஷனரி கட்டிய பங்களாவும் வருவதற்கு வெகு காலம் முன்பே இந்தப் படிவயல் வாழ்க்கை தொடங்கிவிட்டது. கொடைக்கானல் சரித்திரம் என்று சுற்றுலாப் புத்தகங்கள் 1845-ல் ஆரம்பிப்பது டவுனின் சரித்திரம் மட்டுமே.

வயல் வரப்பில் நடக்க ஆசையாக இருக்கும். படிவயலின் விளிம்பு நகரத்துச் செருப்புக்குச் சரிந்துவிடும், விதைத்த பாத்தியில் ஒரு மிதி என்றால் ஒரு வரிசை போச்சு. பாதையோடு நடப்பதே மரியாதை. வேலை செய்கிற பெண்களைப் படம் எடுப்பதற்கு முன் “எடுத்துக்கட்டுமாக்கா?” என்று ஒரு வார்த்தை கேட்டால் போதும், பெரும்பாலும் சிரிப்புதான் பதில். சில இடங்களில் குதிரை மேல் மூட்டை ஏற்றிக்கொண்டு ஆள் வருவார், சாலை போகாத வயல்களுக்கு அதுதான் லாரி. அதற்கு வழிவிட்டு மேட்டுப் பக்கம் ஒதுங்க வேண்டும்.

ஓர் எச்சரிக்கை. போதைக் காளான் தேடி இந்தப் பக்கம் வருகிற இளைஞர் கூட்டம் ஒன்று உண்டு. அதை வைத்திருந்தவர்கள், விற்றவர்கள் கைதான செய்தி கொடைக்கானல் பகுதியிலிருந்து அவ்வப்போது வருகிறது. அதனால் வெளியூர் வண்டியைக் கண்டால் சில ஊர்க்காரர்கள் முகம் கொடுக்காமல் போவதும் உண்டு. காரணம் தெரிந்தால் கோபம் வராது.

பூண்டியிலிருந்து இன்னும் சற்றுத் தூரத்தில் கிளாவரை. அதற்கு அப்பால் மலை கேரளத்துக்குள் வட்டவடைப் பக்கம் தொடர்கிறது. வரைபடத்தில் மூணாறு கைக்கெட்டும் தூரத்தில் தெரியும், அதை நம்பி வண்டியை விடக் கூடாது. பேரிஜம் வழியாக டாப் ஸ்டேஷனுக்குப் போன பழைய சாலையும் போக்குவரத்துக்கு மூடப்பட்டுப் பல காலம் ஆகிவிட்டது. மூணாறு போக வேண்டுமானால் மலையிறங்கித் தேனி, போடி வழியாகத்தான்.

திரும்பும் வழியில்

பதினோரு மணிக்குப் பூண்டியை விட்டால் மன்னவனூரில் மதியம். வனத்துறை நடத்தும் சூழல் சுற்றுலா மையம் அங்கே இருக்கிறது: ஏரி, பரிசல், புல்மேடு. பிள்ளைகள் ஓடியாட இந்த மலையில் இதைவிடத் தாராளமான இடம் இல்லை. நுழைவுக்கும் பரிசலுக்கும் கட்டணம் தனித்தனி. பக்கத்திலேயே மத்திய செம்மறி ஆடு, கம்பளி ஆராய்ச்சி நிறுவனத்தின் தென்மண்டல மையம். நிறுவனத்தின் தலைமையகம் ராஜஸ்தானின் அவிகாநகரில். மன்னவனூர் மையம் தொடங்கியது 1965-ல். பாரத் மெரினோ என்ற கம்பளி ஆட்டினத்தையும், இறைச்சிக்கான ஒயிட் ஜயன்ட், சோவியத் சின்சில்லா முயல்களையும் இங்கே வளர்த்து ஆராய்கிறார்கள். ராஜஸ்தான் நிறுவனம் இத்தனை தூரம் வந்ததற்கு இந்தக் குளிரும் புல்வெளியும்தான் காரணம். பார்வையாளரை அனுமதிக்கும் நேரத்தை வாசலில் கேட்டுக்கொண்டு உள்ளே போகலாம். ஆடுகளுக்குத் தின்பண்டம் போடக் கூடாது.

பூம்பாறைக்குக் குறைந்தது ஒரு மணி நேரம் வேண்டும். சாலையோரக் காட்சிமுனையிலிருந்து ஊரும் படிவயலும் ஒரே பார்வையில் தெரியும். பெரும்பாலான வேன்கள் அதோடு சரி, சுட்ட சோளமும் பிரெட் ஆம்லெட்டும் முடித்துவிட்டுக் கிளம்பிவிடும். கீழே இறங்கி ஊருக்குள் போக வேண்டும். அங்கே குழந்தை வேலப்பர் கோயில் இருக்கிறது. பழநி முருகனைப் போலவே இந்த மூலவரையும் போகர் நவபாஷாணத்தில் செய்தார் என்பது பக்தர்களின் நம்பிக்கை. கிறிஸ்துமஸ் வாரம் என்பது மார்கழியும்தான். விடியலில் டவுனில் கேரல் பாடுகிறவர்கள் வீடு திரும்புகிற நேரத்தில் மேல்மலைத் தெருக்களில் கோலம் விழுந்துகொண்டிருக்கும். உச்சிக்காலத்தோடு நடை சாத்திவிட்டால் மாலையில்தான் திறப்பார்கள். தரிசனம் முக்கியம் என்று நினைக்கிறவர் இந்த ஒரு கோயிலுக்காக மட்டும் முன்சொன்ன திட்டத்தை மாற்றிக்கொண்டு, போகும்போதே இறங்கலாம்.

மூன்றரைக்குப் பூம்பாறையை விட்டுக் கிளம்பிவிட வேண்டும். அந்தி சாய்ந்தபின் சாலையில் காட்டுமாடுகள் நிற்கும், டவுனுக்குள்ளேயே வருகிற மிருகம் அது. பசுவைப் போலச் சாதுவாகத் தெரியும். ஆளை முட்டித் தூக்கிய சம்பவங்கள் கொடைக்கானலில் நடந்திருக்கின்றன. வழியில் நின்றால் விளக்கைத் தாழ்த்திக்கொண்டு, ஹாரன் அடிக்காமல், அது போகும் வரை வண்டிக்குள் காத்திருப்பதுதான் வழி. செல்ஃபிக்கு இறங்குகிறவரை டிரைவர் திட்டினால் அது சரியான திட்டு.

24-ஆம் தேதி போனவருக்கு இதில் ஒரு லாபம் இருக்கிறது. ஐந்து மணிக்கு அறைக்குத் திரும்பி, வெந்நீரில் குளித்து, சற்றுத் தூங்கி எழுந்தால் நள்ளிரவுத் திருப்பலிக்குப் போகலாம். மூஞ்சிக்கல்லில் திரு இருதய ஆண்டவர் ஆலயம் இருக்கிறது. 1860-களில் கட்டிய சலேத் மாதா ஆலயம் இருக்கிறது, அதற்கு ஏறும் பாதை செங்குத்து என்பதால் வயதானவர்கள் வண்டியில் போவது நல்லது. சி.எஸ்.ஐ. ஆலயங்களில் 25 அதிகாலையில் ஆராதனை நடப்பது வழக்கம். நேரத்தை அறிவிப்புப் பலகையில் பார்த்துக்கொள்ளலாம். எந்த மதத்தவரும் போய்ப் பின்வரிசையில் உட்காரலாம், யாரும் ஒன்றும் கேட்க மாட்டார்கள். குல்லாவை மட்டும் உள்ளே நுழையும்போது ஆண்கள் எடுத்துவிட வேண்டும். ஸ்வெட்டரோடு நிறுத்திக்கொள்ளாமல் காதுக்கு மப்ளரும் காலுக்கு சாக்ஸும் போட்டுக்கொள்ள வேண்டும். ஆலயத்துக் கல்தரையின் குளிர் காலிலிருந்துதான் ஏறும். கேக் வேண்டுமென்றால் 23-ஆம் தேதியே பேக்கரியில் சொல்லிவைக்க வேண்டும், 24 மாலைக்கு மேல் கேட்டால் உடைந்ததும் மிஞ்சியதும்தான்.

கிளம்புமுன்

2024 மே 7 முதல், சென்னை உயர் நீதிமன்ற உத்தரவின்படி, கொடைக்கானலுக்கு வரும் வெளியூர் வண்டிகளுக்கு இ-பாஸ் நடைமுறை வந்தது. 2025 கோடையில் வார நாளில் 4,000, வார இறுதியில் 6,000 வண்டிகள் என்று உச்சவரம்பும் வைத்தார்கள். கிறிஸ்துமஸ் வாரத்தில் என்ன விதி என்பதைக் கிளம்பும் முன் பார்த்துக்கொண்டு, பாஸை முன்கூட்டியே எடுத்துவிட வேண்டும். 12 மீட்டருக்கு மேல் நீளமான பேருந்துகளுக்கு 2024 நவம்பரிலிருந்து மலையேற அனுமதி இல்லை. சங்கமாகவோ அலுவலகமாகவோ பெரிய பேருந்து பிடித்து வருகிறவர்கள் இதைத் தெரியாமல் வந்து அடிவாரத்தில் வேன் தேடி நிற்கிறார்கள். 5 லிட்டருக்குக் குறைவான பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களுக்குத் தடை. வீட்டிலிருந்து ஸ்டீல் பாட்டில் கொண்டுவருவதே வசதி.

மேல்மலையில் இரவு தங்க விரும்புகிறவர்கள் அந்தத் தங்குமிடத்துக்கு உரிமம் இருக்கிறதா என்று முதலில் கேட்க வேண்டும். விதிமீறிய கட்டடங்களுக்குச் சீல் வைக்கும் நடவடிக்கை கொடைக்கானலில் பல முறை நடந்திருக்கிறது. புல்வெளியில் டென்ட் அடித்துத் தருகிறோம் என்று வருகிற விளம்பரத்துக்குப் பணம் அனுப்ப வேண்டாம்.

பேருந்தில் பூண்டிக்குப் போகிறவர்கள், இறங்கும்போதே நடத்துநரிடம் கடைசி வண்டி எத்தனை மணிக்கு என்று கேட்டு, அதற்கு முந்தைய வண்டியில் திரும்பிவிடுங்கள்.